ஏழு எரர் கோடு, இரண்டு கடி: நின்ற லாரியில் எலிச் சேதத்தைக் கண்டுபிடித்த முறை

வண்டியும் புகாரும்

ஆறு சிலிண்டர் காமன் ரெயில் எஞ்சின் (ரெயில் என்ற ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை), 24 வோல்ட் மின்சுற்று, பிஎஸ்-6 புகை விதிக்கு உட்பட்ட லாரி. நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் இறக்கியபின், பொங்கல் விடுமுறைக்கு அந்த வளாகத்திலேயே ஒன்பது நாள் நின்றது. மூட்டை அடுக்கிய கொட்டகைக்கும் வண்டிக்கும் இடையே பத்தடிகூட இல்லை.

விடுமுறை முடிந்து செல்ஃப் எடுத்தபோது வண்டி உடனே பிடிக்கவில்லை. எட்டு, பத்து வினாடி சுற்றிய பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் புகைக்கட்டுப்பாட்டு விளக்கும் சேர்ந்து எரிந்தன. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் பிக்கப் இல்லை. வேகத்தடையிலோ குழியிலோ ஏறி இறங்கினால் எஞ்சின் திடீரென நின்றுவிடும், மறுபடி செல்ஃப் எடுத்தால் ஓடும்.

எலிப் பிரச்சினை என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் கோடு வந்ததால் வேறொரு இடத்தில் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றியிருந்தார்கள், டீசல் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். கோடுகளை அழித்ததும் நாற்பது நிமிடம் நன்றாக ஓடியிருக்கிறது, பிறகு பழைய நிலைதான். நல்ல சென்சார் ஒன்று வீணாய்க் கழற்றப்பட்டது என்பதைவிடப் பெரிய இழப்பு வேறு. எந்தக் கோடு முதலில் வந்தது, எத்தனை முறை வந்தது, அப்போது எஞ்சின் வேகமும் வெப்பமும் என்ன என்ற பதிவெல்லாம் அந்த அழிப்பில் போய்விட்டது. கோடுகளை எழுதிக்கொள்ளாமல் அழிப்பது இந்தத் தொழிலில் மிகவும் விலைகூடிய தவறு.

கோடுகளை வயர் வாரியாகப் பிரித்தல்

மீண்டும் ஓட்டி, விளக்கு வந்ததும் எடுத்த பட்டியல் இது. எஸ்பிஎன் எண் எந்தப் பகுதி என்பதையும், எஃப்எம்ஐ எண் என்ன வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 3509 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 102 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 157 எஃப்எம்ஐ 4, எஸ்பிஎன் 636 எஃப்எம்ஐ 2, எஸ்பிஎன் 3216 எஃப்எம்ஐ 9, எஸ்பிஎன் 3226 எஃப்எம்ஐ 9, எஸ்பிஎன் 1761 எஃப்எம்ஐ 9.

வரிசையாகப் படித்தால் பூஸ்ட் (டர்போ காற்றழுத்த) சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், கேம் (கேம்ஷாஃப்ட் நிலை) சென்சார், புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் இரண்டு, புகையைச் சுத்தம்செய்யும் யூரியா திரவத்தின் டேங்க் சென்சார் என எல்லாமே கெட்டுப்போனதாகத் தெரியும். நின்ற வண்டியில் ஒன்பது நாளில் இத்தனை உதிரி ஒன்றாகக் கெடாது. இவற்றுக்குப் பொதுவாக எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான்.

எஃப்எம்ஐ எண்தான் வழிகாட்டி. 4 என்றால் மின்னழுத்தம் இருக்கவேண்டியதைவிடக் குறைவு, அல்லது எர்த்தில் ஷார்ட். 2 என்றால் சிக்னல் தாறுமாறாக, விட்டுவிட்டு வருகிறது. 9 என்றால் அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை. அதாவது 9 வந்த மூன்றும் கேன் லைன் (பகுதிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வயர் ஜோடி) வழியே பேசுபவை. 4 வந்த மூன்றில் 3509 என்பது சென்சார்களுக்கு ஈசியு (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையையே குறிக்கும், 102-ம் 157-ம் அந்த 5 வோல்ட்டில் தொங்குபவை. மிச்சம் கேம் சென்சார் ஒன்றுதான். கம்பெனிக்குக் கம்பெனி கேம் சென்சாருக்கு 636 அல்லது 723 என்று மாற்றிப் போடுவார்கள், ஆகவே அந்த மாடலின் புத்தகத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஏழு கோடு இப்படி மூன்று கேள்வியாகச் சுருங்கியது. 5 வோல்ட் எங்கே எர்த்தைத் தொடுகிறது? கேம் சிக்னல் எங்கே விட்டுப்போகிறது? கேன் லைன் எங்கே அறுந்தது?

கேபினைத் தூக்கியதும் பார்த்தவை

கையுறையும் மாஸ்க்கும் போட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் பரவும், கையில் சிறு கீறல் இருந்தாலே போதும். ஏர் கன்னால் ஊதுவது பட்டறைப் பழக்கம். இங்கே அதைச் செய்தால் காய்ந்த புழுக்கைத் தூள் மூக்குக்குள்தான் போகும்.

இக்னிஷன் ஆஃப் செய்து சில நிமிடம் பொறுத்த பிறகே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பவேண்டும். யூரியா பம்ப் லைனில் இருக்கும் திரவத்தை டேங்குக்குத் திரும்ப இழுத்து முடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் லைனில் யூரியா தங்கி உப்பாய்ப் படியும், இல்லாத புது வேலை ஒன்று சேர்ந்துவிடும்.

கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் பெல் ஹவுசிங்கின் மேற்பரப்பில் கூடு இருந்தது. கேபினுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சத்தத்தடுப்புப் பஞ்சைக் கிழித்து மெத்தைபோல் போட்டு, நடுவே மக்காச்சோள உமியும் பாதி கடித்த மணிகளும். எலிக்கு இதைவிட நல்ல இடம் வண்டியில் கிடையாது. தட்டையான மேடை, மேலே கூரைபோல் கேபின், நாய் எட்டாத உயரம். டயர் வழியாகச் சேஸிஸ் சட்டத்தில் ஏறி, அதன் மேலேயே நடந்து வந்துவிடும். எஞ்சின் ஹார்னஸ் (லூம் என்கிற வயர்க்கட்டு) அந்த மேடையைக் கடந்துதான் ஈசியுவுக்குப் போகிறது.

கடித்த வயரை உரசிய வயரோடு குழப்பக்கூடாது. பிராக்கெட்டில் உரசி உரிந்த இடம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், செம்பும் தட்டையாகப் பளபளக்கும். சூட்டில் கெட்ட உறை மொறமொறப்பாகி, வளைத்தால் சுற்றிலும் வெடிக்கும். எலி கடித்த இடத்தில் சிறு உளி வைத்துச் செதுக்கியதுபோல் இரட்டைக் கோடு விழுந்திருக்கும், உறை படிப்படியாகச் சீவப்பட்டிருக்கும், கீழே அதன் நிறத்துணுக்குகள் கிடக்கும். இந்தப் பெல் ஹவுசிங் மேல் சிவப்பும் நீலமும் கலந்த பிளாஸ்டிக் துருவல் ஒரு தேக்கரண்டி அளவு கிடந்தது. எந்தெந்த நிறத் துணுக்கு கிடக்கிறது என்று பார்த்தாலே எந்த வயர்கள் போயின என்று லூமைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆகவே கூட்டை அள்ளிக் கொட்டும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பார்க்கலாம், காய்ந்த எலி மூத்திரம் வெளிர் நீலமாக மினுங்கும். சில வகை ஆயிலும் கூலண்ட்டும் மினுங்கும், எனவே அதை மட்டும் நம்பக்கூடாது.

முதல் சோதனை: கேன் லைன்

முதலில் பேட்டரி. ஓய்வில் 25.1 வோல்ட், செல்ஃப் எடுக்கும்போது 20-க்குக் கீழே இறங்கவில்லை. இதைப் பார்க்காமல் ஈசியு கோடுகளைத் துரத்துவது வீண்.

பேட்டரி கட்-ஆஃப் செய்து, ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி கப்ளரில் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் அளந்தால் 119 காட்டியது. கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்டவேண்டும். 120-ஐ ஒட்டி வந்தால் ஒரு முனை துண்டாகிவிட்டது என்று பொருள். மிகக் குறைந்து சில ஓம் மட்டும் வந்தால் இரு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. சில மாடல்களில் சைலன்சர் பக்கத்து சென்சார்களுக்குத் தனிக் கேன் லைன் இருக்கும், அது ஓபிடி வரை வராது. அங்கே நாக்ஸ் சென்சார் கப்ளரிலேயே அளக்கவேண்டும்.

இந்த வண்டியில் இரண்டாவது ரெசிஸ்டர் பின்னால், சைலன்சர் அருகே. பேசாமல் போன மூன்று பகுதிகளும் அதே பக்கம். அப்படியானால் அறுந்த இடம் முன்பக்க இணைப்புக்கும் சைலன்சருக்கும் நடுவே எங்கோ. சேஸிஸ் சட்டத்தின் உட்புறமாகப் போகும் லூமைக் கையால் தடவிக்கொண்டே போனதில், கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பருக்கு மேலே ஃப்ளெக்ஸிபிள் பைப்பில் எலுமிச்சை அளவு ஓட்டை. உள்ளே மஞ்சளும் பச்சையும் முறுக்கிய கேன் ஜோடி, பச்சை முழுதாக அறுந்திருந்தது, மஞ்சளில் உறை மட்டும் போயிருந்தது.

இந்தக் கடி ஒன்றைப் பார்த்ததும் நிறுத்தியிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். இந்த வயர் எஞ்சினை நிறுத்தாது. பிக்கப் குறைவதற்கு ஒரு காரணம் மட்டுமே இது. குழியில் எஞ்சின் நிற்பதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.

5 வோல்ட்டும் கேமும்

பூஸ்ட் சென்சார் கப்ளரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து அளந்தால் 5.02 வோல்ட். சரியாக இருக்கிறதே என்று மீட்டரை எடுத்துவிடக்கூடாது. விட்டுவிட்டு வரும் கோளாறு ஆடாத வண்டியில் ஒளிந்துகொள்ளும். மீட்டரை மாட்டிய நிலையில், ஒருவர் லூமை அடி அடியாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போக, கூடு இருந்த இடத்தில் அழுத்தியதும் 0.3-க்கு விழுந்தது, விட்டதும் 5-க்கு ஏறியது. ஸ்கேனரின் நேரலைப் பட்டியலில் ரெயில் பிரஷரும் அதே நொடியில் கீழே விழுந்தது. ஓடும்போது ரெயில் பிரஷர் சிக்னல் காணாமல் போனால் ஈசியு எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைக்கும், இந்த வண்டியில் நிறுத்தியேவிடும். குழியில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு குறுக்குச் சோதனை அவசியம். 5 வோல்ட் விழுவது வயரால்தானா, அல்லது அதே சப்ளையில் இருக்கும் ஏதாவது சென்சார் உள்ளே ஷார்ட் ஆனதாலா? அந்த சப்ளையில் இருக்கும் எல்லா சென்சார் கப்ளரையும் ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். ஏதாவது ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் நிலைத்துவிட்டால் குற்றவாளி அந்த சென்சார். இங்கே எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் லூமை அழுத்தினால் விழுந்தது. ஈசியு கப்ளரையும் கழற்றி, 5 வோல்ட் வயருக்கும் எஞ்சின் எர்த்துக்கும் நடுவே ஓம் அளந்தபோது சாதாரணமாக ஓப்பன், அழுத்தினால் 2 ஓம். உறை போன வயர் பிராக்கெட்டைத் தொடுகிறது.

கேம் சென்சார் வயர்தான் இந்தக் கேஸில் அதிகம் கற்றுக்கொடுப்பது. ஈசியு முனைக்கும் சென்சார் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பஸ்ஸர் அடித்தது. பெரும்பாலான பட்டறைகளில் சோதனை அங்கேயே முடிந்து, "வயர் ஓகே, சென்சார் மாத்துங்க" என்று சொல்லிவிடுவார்கள். பல மீட்டர்களில் முப்பது, ஐம்பது ஓம் வரை எதிர்ப்பு இருந்தாலும் பஸ்ஸர் அடிக்கும். அறுந்த இழைகளின் முனைகள் ஒன்றோடொன்று சும்மா உட்கார்ந்திருந்தாலே அதற்குப் போதும்.

வயருக்குச் சுமை கொடுத்துப் பார்க்கவேண்டும். இரு முனையும் கழற்றிய நிலையில், ஒரு முனைக்கு 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ், மறுமுனையில் 24 வோல்ட் 21 வாட் பல்பு, பல்பின் மறுகால் எர்த். சுமார் 0.9 ஆம்பியர் ஓடும். நல்ல வயரில் பல்பு நேரடியாகப் பேட்டரியில் கொடுத்ததுபோலவே எரியும், வயரின் நீளத்தில் விழும் மின்னழுத்தம் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. கேம் சிக்னல் வயரில் பல்பு மின்மினிபோல மங்கி, லூமைத் தட்டியதும் அணைந்தது. சென்சார் எர்த் வயரில் 1.6 வோல்ட் விழுந்தது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனைக்கு ஈசியு கட்டாயம் கழன்றிருக்க வேண்டும். ஈசியு மாட்டியிருக்கும்போது 24 வோல்ட் உள்ளே போனால் எலி செய்ததைவிடப் பெரிய சேதம் நாமே செய்ததாகும். மீட்டர் ஊசியை ஈசியு கப்ளர் ஓட்டைக்குள் திணிப்பதும் கூடாது, உள்ளே இருக்கும் லக் (வயர் முனையின் உலோக இணைப்பு) விரிந்துபோய் ஆறு மாதம் கழித்து வேறொரு கோளாறாக வரும். அதே அளவு ஆண் லக்கில் வயர் வைத்துச் சோதனைக் கம்பி செய்துகொள்ளலாம்.

கேம் சிக்னல் இல்லாதபோது ஈசியு கிராங்க் சிக்னலை மட்டும் வைத்து எந்த சிலிண்டர் எந்த நிலையில் என்று ஊகித்துக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்குத்தான் அந்த எட்டு, பத்து வினாடிச் சுற்று.

லூமைப் பிரித்தபின்

கடி தெரிந்த இடத்திலிருந்து இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்கு நல்ல உறை கண்ணில் படும்வரை ஃப்ளெக்ஸிபிள் பைப்பையும் டேப்பையும் பிரிக்கவேண்டும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் உதவாது. பெல் ஹவுசிங் மேல் பதினாறு அங்குலம் பிரித்ததில், செம்பு அறுந்த வயர் இரண்டு, செம்பு தெரியும் வயர் மூன்று, உறையில் பல் பதிந்த வயர் நான்கு. பல் பதிந்த வயர்களை "பரவாயில்லை" என்று விட்டால் அதே பள்ளத்தில் ஈரம் சேர்ந்து மழைக்காலத்தில் திரும்பி வரும்.

மூத்திரம் பட்ட செம்பு பச்சை பூத்திருக்கும், அந்தப் பச்சை உறைக்குள்ளேயும் ஏறியிருக்கும். ஒவ்வொரு வயரையும் செம்பு பளிச்செனத் தெரியும் இடம்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரு வயரில் கடித்த இடத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளித்தான் நல்ல செம்பு கிடைத்தது.

ஒட்டுப்போட்ட முறை இது. அதே தடிமன், இந்த வயர்களுக்கு 0.75 சதுர மி.மீ. வீட்டு வயரிங் வயர் கூடாது, எஞ்சின் சூட்டுக்குரிய ஆட்டோமோட்டிவ் வயர் மட்டும். முனையில் 7 மி.மீ. உறை உரித்து, செம்புச் சந்திப்புக் குழாயில் இரு முனையும் வைத்து, அதற்குரிய கிரிம்ப் டூலில் அமுக்கி, கையால் நன்றாக இழுத்துப் பார்த்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடாக்க வேண்டும். இரு முனையிலும் பசை மணிபோல் பிதுங்கி வந்தால்தான் தண்ணீர் புகாது. எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று 40 மி.மீ. தள்ளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் லூம் அங்கே பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைக்கும்.

ஈயம் வைத்துச் சால்டர் செய்வதை எஞ்சின் மேல் தவிர்ப்பதே நல்லது. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பிபோல் விறைப்பாக்கும், அது முடியும் விளிம்பில் அதிர்வு தாங்காமல் ஒடியும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கேன் ஜோடியில் பச்சை மட்டும் அறுந்திருந்தாலும் இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, பழைய முறுக்கு அளவிலேயே முறுக்கிய புது ஜோடி சேர்த்தார்கள். ஒட்டுப்போடும் இடத்தில் முறுக்கு பிரிந்த நீளம் 50 மி.மீ.-க்குள் இருக்கவேண்டும். முறுக்குத்தான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை இரு வயரிலும் சமமாக ஏற்றி ரத்தாக்குகிறது. பிரிந்து கிடந்தால் இன்ஜெக்டர் வயரின் இரைச்சல் அங்கே புகும். இன்ஜெக்டர் வயர்களை எஞ்சின் ஓடும்போது தொடவும் கூடாது, ஊசி குத்தவும் கூடாது. அவற்றில் பேட்டரியைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் துடிக்கும்.

வயரோடு நிற்காத சேதம்

எலி வயரை மட்டும் கடிப்பதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா பார்க்கவேண்டும். டீசல் ரிட்டர்ன் ரப்பர் குழாய், ஏர் பிரேக் நைலான் பைப், பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள், இந்த மூன்றையும் விளக்கு வைத்துப் பார்க்கவேண்டும். ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பெரும்பாலும் ஃப்யூஸ் இருக்காது. உறை போய்ச் சேஸிஸைத் தொட்டால் வண்டியே எரியும். பிரேக்குக்கு, ஏர் முழுவதும் ஏற்றி எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கவேண்டும். முள் தொடர்ந்து இறங்கினால் கசிவு. இந்த வண்டியில் சத்தத்தடுப்புப் பஞ்சு தவிர வேறெதுவும் போகவில்லை.

கூடு இருந்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் வண்டியை விட்டால் அந்த வாடைக்கே அடுத்த எலி வரும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துணியால் வழித்தெடுத்து, பின் நல்ல தண்ணீரில் துடைக்கவேண்டும். கப்ளர்களில் பட விடக்கூடாது, செம்பும் லக்கும் அரிக்கும். யூரியா டேங்கோ அதன் லைனோ கசிந்திருக்கும் இடத்தில் பிளீச்சிங் படவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும்.

சரிபார்ப்பு

ஓபிடியில் 60.2 ஓம். லூமை எப்படி அசைத்தாலும் 5 வோல்ட் மாறவில்லை. பல்பு சோதனையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு வயரும் முழு வெளிச்சம். கழற்றி வைத்திருந்த பழைய ரெயில் பிரஷர் சென்சாரையும் அளந்து பார்த்தார்கள். எஞ்சின் நின்ற நிலையில் 0.5 வோல்ட், அதில் குறையே இல்லை.

கோடுகளை அழித்ததும் செல்ஃப் இரண்டு வினாடியில் பிடித்தது. ஆனால் பிக்கப் கட்டுப்பாடு உடனே விலகவில்லை. இங்கே பலர் பதறி மறுபடி எதையாவது கழற்றுவார்கள். நாக்ஸ் சென்சார் சைலன்சர் போதிய அளவு சூடாகி ஈரம் போன பிறகே வேலைசெய்யத் தொடங்கும். யூரியா சம்பந்தமான கட்டுப்பாடு சில மாடல்களில் இக்னிஷன் ஆஃப்-ஆன் சுற்றும், சூடாக ஓடிய தூரமும் நிறைவான பிறகே விலகும். லோடோடு நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி எடுத்தபோது இரண்டு நாக்ஸ் சென்சாரும் அளவு காட்டின, விளக்கு அணைந்தது.

திரும்ப வராமல் இருக்க

வயர் உறையில் சோயா சேர்ப்பதால்தான் எலி கடிக்கிறது என்ற பேச்சு பரவலாக உண்டு. பழைய பிவிசி வயரையும், எந்த ருசியும் இல்லாத பிளாஸ்டிக் குழாயையும் எலி கடித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் வெட்டுப்பல் ஆயுள் முழுவதும் வளரும், கடினமான எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். அந்தப் பல்லின் எனாமல் செம்பைவிடக் கடினம். ஆகவே உறை வகையை மாற்றுவதைவிட, வண்டி எலிக்கு வீடாக அமையாமல் பார்ப்பதில்தான் பலன்.

சேஸிஸ் சட்டத்தின் மேலும், கிராஸ் மெம்பர் மடிப்புகளிலும், பாடியின் அடிக்கட்டைகளிலும் சிந்திய மணிகளை இறக்கிய அன்றே பெருக்கி எடுக்கவேண்டும். மூட்டை அடுக்கு, வைக்கோல், சுவர் ஓரம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, திறந்த தரையில் நிறுத்தவேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கேபினைத் தூக்கிப் பார்த்து, ஸ்டார்ட் செய்து சில அடி நகர்த்தினால் கூடு கட்ட விடாது. புகையிலைப் பொட்டலமும் நாப்தலின் உருண்டையும் எஞ்சின் சூட்டில் சில நாளில் வாடை போய்ச் சும்மா தொங்கும். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் பெல் ஹவுசிங் மேல் போகும் லூமுக்குச் சுற்றத் தகுந்தது. கம்பி வலை போடுவதானால் கண் 6 மி.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது, வயரைத் தொடாமல் தனியாகத் தாங்கவேண்டும், இல்லையேல் வலையே வயரை அறுக்கும். எலிமருந்தை வண்டிக்குள் வைப்பது வேண்டாம், செத்த எலி ஹீட்டர் குழாயிலோ ஏர் ஃபில்டரிலோ கிடக்கும். பொறி வைப்பதானால் டயர் ஓரங்களிலும், சுவரை ஒட்டியும் வைக்கலாம்.

வேலை முடிந்த இரவு பெல் ஹவுசிங் மேலும் சேஸிஸ் சட்டத்தின் மேலும் டால்கம் பவுடர் மெல்லிசாகத் தூவி நிறுத்தினார்கள். முதல் காலை பின்சக்கரத்துக்கு மேலே சட்டத்தில் சிறு பாதத்தடமும் நடுவே வால் இழுத்த கோடும் இருந்தன, கியர்பாக்ஸ் வரை வரவில்லை. அன்று பின்டயர் ஓரத்தில் வைத்த பொறியில் ஒன்று விழுந்தது. அடுத்த இரண்டு இரவும் பவுடர் கலையவில்லை. மூன்றாம் நாள் வண்டி லோடுக்குப் போனது.